பதினோரு அடி

பேய் வீட்டுக்கு முதலில் வீடே இல்லை.
ஈரோட்டுப் பொருட்காட்சியில் நாலு பக்கம் தகரம்,
மேலே லாரித் தார்ப்பாய்,
உள்ளே ஒரு தள்ளுவண்டி, அதைத் தள்ள நாச்சிமுத்து.
தள்ளுகிறவன் மூச்சு பின்கழுத்தில் படும்.
பாதிப் பயம் அதிலேயே வந்துவிடும்.
மீதிக்கு மாரக்காள்.
கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது:
"பேய் 1. நாள் ஒன்றுக்கு ரூ. 3. டீ தனி."

முகத்தில் அரிசி மாவு, முன்னால் விழுந்த கூந்தல்.
அவள் அலறியதே இல்லையாம்.
வண்டி அருகில் வந்ததும் தாழ்ந்த குரலில்
"ஏனுங், வந்தீங்களா?" என்பாள்.
மரியாதையாக விசாரிக்கிற பேய்க்கு
என்ன பதில் சொல்வது?
பெருந்துறை வியாபாரி ஒருத்தர்
ஒற்றைச் செருப்போடு வீடு போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் அர்த்தநாரி விஜயமங்கலம் பக்கம்
மூன்று ஏக்கர் மேட்டுக்காடு வாங்கினார்.
எண்ணூறு அடி போட்டும் புகைதான் வந்தது.
வற்றிய கிணற்று மோட்டாரைக் கழற்றி
தண்டவாளத்துக்கு மாட்டினார்;
தண்ணீர் இறைத்தது ஆள் இறைத்தது.
சக்கரம் கோவை வார்ப்படம்.
சென்னிமலையில் எடைக்கு வாங்கிய தறியிலிருந்து
நாடாவை அடிக்கும் கட்டையை எடுத்து
எலும்புக்கூட்டின் தோளில் வைத்தார்கள்.
கை விசுக்கென்று வரும்,
சொல்லிவைத்த மாதிரி அதே இடத்தில், டீ கேட்காமல்.

மாரக்காள் மஞ்சள் மண்டிக்குப் போனாள்.
அங்கே கூலி அதிகம்.

ஆடிப் பதினெட்டுக்குத் திறந்தே ஆகவேண்டும்.
மூன்றாம் வளைவுக்கும் நான்காம் வளைவுக்கும் நடுவே
பதினோரு அடி மிச்சம்.
அதில் வைக்கப் பொம்மையும் இல்லை, பணமும் இல்லை.
கறுப்பு பெயிண்ட் ஒரே ஒரு கோட்டு.
"கண்ணைக் கட்டின மாதிரி இருக்குதே,
சித்தெ ஒரு பல்பாவது?" என்றாராம் மேஸ்திரி.
வயருக்கும் காசில்லை.

நான் வயர்மேனாகச் சேர்ந்தது
காற்றழுத்தக் கைகள் வந்த வருஷம்.
எனக்கு அவற்றைப் பிடிக்கும்.
சிலிண்டர் சீறுவதை வைத்தே
எந்தப் பிணத்துக்கு வாஷர் போயிற்று என்று சொல்வேன்.
பிறகு சென்சார், பிறகு புகை,
பிறகு சீட்டை உலுக்கும் ஸ்பீக்கர்.
சின்ன முதலாளி இளம்பரிதி காலத்தில்
அந்தப் பதினோரு அடியையும் நிரப்பினோம்:
எல்.இ.டி. திரை, அதில் பல்லைக் காட்டும் மந்தை,
பதினான்கு லட்சம்.
ஜனம் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டது.

கருத்துப் புத்தகத்தில்
அவிநாசிப் பெண் ஒருத்தி பென்சிலால் எழுதியிருந்தாள்:
"போன தடவை அந்த இடத்தில் யாரோ இருந்தார்கள்.
இந்தத் தடவை யாரும் இல்லை."

இளம்பரிதி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.
திரையை நான்தான் கழற்றினேன்,
நாலு போல்ட்.
அது இப்போது கேன்டீனில் கிரிக்கெட் காட்டுகிறது.

மாதம் ஒருமுறை டார்ச்சோடு உள்ளே நடப்பேன்.
ஹேர்பின், ஒற்றைக் கம்மல்,
பள்ளி அடையாள அட்டை, ஒருமுறை கீழ்த்தாடைப் பல்செட்.
பொறுக்குவதில் பெரும்பங்கு அந்தப் பதினோரு அடியில்.
காரணம் நான் யோசிப்பதில்லை,
டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வைக்கிறேன்.

போன ஞாயிறு
சிவப்புச் சீலையில் ஒரு அம்மா வந்தாள்.
முழு டிக்கெட்.
ஏசி ரொம்பக் குளிர் என்றாள், பெல்ட் வயிற்றைப் பிடிக்குது என்றாள்.
பெயர் கேட்டதும் சொன்னாள்.
நோட்டில் மட்டும் பார்த்த பெயர்.
எலும்புக்கூட்டுக்குக் கொட்டாவி விட்டது
மானிட்டரில் தெரிந்தது.
மூன்றாம் வளைவில் திரை கறுத்தது.
மைக்கில் மட்டும் கேட்டேன்,
அவசரமில்லாத, கூடத்தில் நின்று கேட்கிற குரல்:

"ஏனுங், வந்தீங்களா?"

பின்வண்டியில் கோபி காலேஜ் பையன்கள் ஆறு பேர்.
அதுவரை ஊளையிட்டவர்கள் ஊமையானார்கள்.
தண்டவாளம் மட்டும் கடகடத்தது.
அப்புறம் ஒருத்தன், தொண்டை உலர,

"ஆமாங்" என்றான்.

பதிவேட்டில் எழுதினேன்:
மாலை 4.40. வண்டி 3, 4.
பழுது ஏதும் இல்லை.