புதன்கிழமை, பதினான்கு பேர்

ஞாயிறு கூடாது.
சனிக்கிழமை இயந்திரத்தைவிட்டு எழுந்தால்
மறுபடி செவ்வாய்தான்.
நடுவில் ஒரு கவளம் கூடினாலும்
கணுக்கால் காட்டிக்கொடுத்துவிடும்.
திங்கள், உணவகத்துக்கு விடுமுறை.
வெள்ளி, ஒடேத்தின் மருமகனுக்குக் கார் வேண்டுமாம்.
ஆக, புதன்.
பெனீஷ் துறைமுகம் தாண்டி
கிராசியேத்தின் கடை, மாடியில்.

செலஸ்டீனோவுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது.
ஆறு வருடம் எனக்கு இடப்பக்கத்து நாற்காலி.
வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம்,
அவன் குறட்டையை என் ரத்தம்
குழாய்க்குள் போகும்போதும் கேட்டது,
திரும்பி வரும்போதும் கேட்டது.
இப்போது அங்கே ஓர் இளைஞன்.
காதில் எதையோ மாட்டிக்கொண்டிருப்பான்.
இன்னும் பெயர் சொல்லவில்லை.
அவனையும் அழைத்திருக்கிறேன்.

என்ன சமைக்கட்டும் என்றாள் கிராசியேத்.
பட்டியலைப் படித்தேன்.
தக்காளி வேண்டாம்.
உப்பேற்றிய காட் மீன் வேண்டாம்.
மத்தி வேண்டாம்
(அவள் கடை நடப்பதே மத்தியால்தான்).
உருளைக்கிழங்கை முதல் நாள் இரவே நறுக்கி
ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி,
இரண்டு தடவை வேகவைத்து,
ருசியெல்லாம் வெளியேறிய பிறகு
ஆளுக்கு இரண்டு துண்டு.
உப்பு?
எலுமிச்சை இருக்கிறதே.
சூப்பாவது?
ஐயோ, அதுவும் தண்ணீர்க் கணக்கு.
பின்னால் யாரோ தட்டு அடுக்கும் ஓசை, வெகுநேரம்.
"இது விருந்தா, தண்டனையா?"

செலஸ்டீனோவுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ்.
தக்காளி தின்னலாம், வாழைப்பழம் தின்னலாம்.
ஆனால் ஆறு வருடமாய்க் கனவு கண்ட
பச்சைச் சிப்பி கூடாது.
வந்த விருந்தாளியை அடித்து விரட்டாதிருக்க
உடம்பின் காவலாளிக்கு
மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்கள்.

சன்னல் ஓரம் கடல் தெரிய மேசை போடட்டுமா?
அவனுக்குப் போடு.
எங்களை முதுகு காட்டி உட்காரவை.
மற்றவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு,
எங்களுக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்.
ஆனால் நடுவில் ஒரு ஜாடி வை, பெரியதாய்.
அவன் குடிப்பான்.
நாங்கள் பார்ப்போம்.

ஆளுக்குப் பதினெட்டு யூரோ.
குடிக்கவே போவதில்லையே, கழித்துக்கொள் என்கிறான் லியோபோல்டு.
நியாயம்தான். பதினாறு.

எண்ணிக்கையில்தான் சிக்கல்.
எங்கள் ஷிப்டில் பதினோரு பேர்.
செலஸ்டீனோ பன்னிரண்டு.
நர்ஸ் யூனிஸ், ஊசியை ஒரே குத்தில் ஏற்றுபவள்,
பதின்மூன்று.
பதின்மூன்று பேர் மேசையில் உட்காரமாட்டேன் என்றாள் ஒடேத்.
தன் ரத்தம் மொத்தத்தையும் வெளியே அனுப்பி
வாங்கிக்கொள்கிறவள்,
அவளுக்கு ஓர் எண்ணிடம் பயம்.
யூனிஸை விடமுடியாது.
இளைஞனை வரவேண்டாம் என்று சொல்ல
எனக்கு நாக்கு எழவில்லை.
இலீடியோதான், குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிராமல்,
அந்த ஆள்? என்றான்.
எந்த ஆள்?
கொடுத்த ஆள்.

இயந்திரங்கள் மட்டும் கொஞ்ச நேரம் பேசின.

பெயர் சொல்லமாட்டார்கள். விதி அப்படி.
ஆணா, பெண்ணா, எந்தச் சாலையில், எந்தப் படுக்கையில்,
ஒன்றும் தெரியாது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமாம்.
எங்களுக்கு உப்புக்குத்தான் தடை.
ஒடேத் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்,
பிறகு தலையாட்டினாள்.

கிராசியேத்துக்கு மறுபடி அழைத்தேன்.
பதினான்கு பேர்.
பெருமூச்சு விட்டுப் பேனாவைத் தேடினாள்.
"சரி, இந்தப் பதினான்காவது ஆளுக்கு
என்னென்ன ஒத்துக்காது?"

வாயெடுத்தேன்.
பட்டியல் கையில்தான் இருந்தது.

எல்லாம் ஒத்துக்கும் என்றேன்.
மத்தி சுடு.
உப்பு தாராளமாய்ப் போடு.