இருக்கலாம்

மூன்று வருடம் முன்னால் விற்ற வண்டிக்குப்
போன வாரம் எனக்குக் கடிதம் வந்தது.
"மதிப்பிற்குரிய தணிகாசலம் அவர்களுக்கு,
தங்கள் வாகனத்தின் முன்பிரேக் குழாயில்
தயாரிப்புக் குறை இருக்கலாம்."
இருக்கலாம்.
டாக்டரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

பெயர் மாற்றித் தருகிறேன் என்று
நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிப்போன
வியாசர்பாடித் தரகர் பலராமன்
அப்புறம் போனை எடுக்கவே இல்லை.
அரசாங்க ஏட்டில் இன்னும் அது என் வண்டி.
அதன் பாவமெல்லாம் என் செல்போனுக்கு வரும்:
மூலக்கடை, ஹெல்மெட் இல்லை.
எர்ணாவூர், மூன்று பேர்.
மணலியில் ஒருவழிப் பாதைக்குள் எதிர்த்திசை.
திட்டிக்கொண்டே அழிப்பேன்.

அழித்ததையெல்லாம் இப்போது தோண்டி எடுத்தேன்.
ஒரு அபராதப் படத்தில்
டேங்க் மேல் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி,
தான்தான் ஓட்டுகிற மாதிரி
ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறாள்.
அந்தக் கைக்குக் கீழேதான் போகிறது
கடிதம் சொல்லும் குழாய்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"காசு கிடையாது சார். பில்லும் வேண்டாம்.
எத்தனாவது ஓனரா இருந்தாலும் சரி,
ஹேண்டில் கழுத்துல செதுக்கியிருக்கிற
பதினேழு எழுத்து நம்பர் போதும்.
மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."
நான் எடுக்கலையேம்மா.
"அப்போ எடுக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க சார்."

எடுக்கறவங்க.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில்
பூனை மாதிரி நுழைந்து போகும்
ஆயிரம் பேரில் ஒருத்தர்.

படங்களின் மூலையில் நேரம் இருந்தது:
எட்டு பத்து, எட்டு பன்னிரண்டு.
எர்ணாவூர் பாலம் இறங்கும் இடத்தில்
மூன்று நாள் காலையில் நின்றேன்.
தவணை வசூலிக்க வந்தவன் என்று நினைத்து
டீக்கடைக்காரர் சர்க்கரையைக் குறைத்தார்.
உப்புக் காற்றும் நிலக்கரித் தூளும் சேர்ந்து
சட்டைக் காலரைக் கறுப்பாக்கின.

நாலாம் நாள்
பார்க்கும் முன்னாலேயே கேட்டது.
இரண்டாம் கியரில் ஒரு இருமல்;
என்னிடம் இருந்தபோதும் அப்படித்தான்.

கை நீட்டினேன். நின்றவர் முகம் வெளுத்துவிட்டது.
"ஃபைனெல்லாம் அடுத்த மாசம் கட்டிடறேன் சார்,
பாப்பா மேல சத்தியமா."
அது இல்லைங்க, பிரேக்.
சுபான் பாஷா இரண்டு தரம் அழுத்திக் காட்டினார்:
"நல்லாத்தானே பிடிக்குது?"
பிடிக்காத நாள் வரைக்கும் பிடிக்கும் என்றேன்.
முதலில் கீழே குதித்தவள் அந்தச் சிறுமி.

திருவொற்றியூர் சர்வீஸ் சென்டர் வரைக்கும்
அவர் தள்ள, நான் பின்னால் கைகொடுக்க,
சீட்டில் ராணி மாதிரி ரிஹானா.
அன்றைக்கு ஸ்கூல் போனது போனதுதான்.
ஹேண்டில் கழுத்தின் கிரீஸை
என் கைக்குட்டையால் துடைத்து
எழுத்து எழுத்தாக அவள்தான் படித்தாள்.
இது ஓவா, பூஜ்யமா என்று
மூவரும் சண்டை போட்டோம்.
"இந்த நம்பர்ல ஓவே வராதுங்க" என்றான் மெக்கானிக்.

நாற்பது நிமிடம்.
பில்லில் தொகை: பூஜ்யம், சத்தியமாகப் பூஜ்யம்.
கழற்றிய குழாயை வளைத்துக் காட்டினான்.
இமை மயிர் அளவுக்கு ஒரு கீறல்.
இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

பெயர் மாற்றம் அடுத்த வாரம் என்றார் பாஷா.
பலராமனுடைய அதே அடுத்த வாரம்.

இன்று காலை செல்போன் அதிர்ந்தது.
மூலக்கடை, ஹெல்மெட் இல்லை, எட்டு பதினொன்று.
திட்ட வாயெடுத்துக்கொண்டே படத்தைத் திறந்தேன்.
மகள் பின்சீட்டுக்கு மாறியிருக்கிறாள்,
தலையில் மஞ்சள் நிறத்தில் புது ஹெல்மெட்.
அப்பன் மண்டை வெயிலில் மினுங்குகிறது.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்:
முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத்
தொடவில்லை.