தூசு என்று அழித்த புள்ளி

பைகிராப்ட்ஸ் ரோட்டில், ஜெராக்ஸ் மிஷினுக்கும்
லேமினேஷன் சூட்டுக்கும் நடுவே என் நாற்காலி.
கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு,
பாமினியில் அடித்து வரும் வக்கீல் நோட்டீசை
யூனிகோடுக்கு மாற்றுவது. பக்கம் பத்து ரூபாய்.

மார்கழித் தூறலில் நனைந்து வந்தார்
எழும்பூரில் ஸ்வெட்டர் விற்கும் ஙவாங்.
ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு
ங-வை ஒரு சொல்லின் தலையில்
நான் பார்த்தது அன்றுதான், பில் எழுதும்போது.

பாலித்தீன் உறையில் பன்னிரண்டு தாள்.
ஓரம் துளையிட்ட டாட் மேட்ரிக்ஸ் காகிதம்.
அம்மா சொல்லச் சொல்ல
அண்ணன் பைலகுப்பேயில் உட்கார்ந்து அடித்தது.
அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்போது
திபெத்திய எழுத்து தெரியாது.
எல்லாம் ஏ பி சி டி.
அண்ணன் இப்போது இல்லை. அம்மாவும்.
"எங்க எழுத்துன்னா படிப்பேன் மேடம்.
இது வராது."
ஃபிக்ஸட் ரேட் சொல்லும் அதே குரல்.

மென்பொருள் இலவசம்தான்.
இடப்பக்கம் கொட்டினால் வலப்பக்கம் எழுத்தாகும்.
எழுத்துரு இறங்கும்வரை வெறும் கட்டங்கள்,
கதவு எண் போடாத குடியிருப்பு.
பிறகு வந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி.

ஒரு சொல்லை உரக்கப் படித்தேன்:
பி எஸ் ஜி ஆர் யு பி எஸ்.
பஸ் கம்பெனி பேர் மாதிரி இருக்கே என்றேன்.
அவர் திரையைப் பார்த்து "டுப்" என்றார்.
ஏழு எழுத்துக்கு ஒரு டுப்.
மத்தவங்க?
"இருப்பாங்க. பேச மாட்டாங்க."
திருவல்லிக்கேணி மேன்ஷன் எனக்குத் தெரியாததா:
மேல்மாடி, கீழ்மாடி, முன்னறை, பின்னறை,
ஐந்தாம் தேதி வாடகை கொடுத்துவிட்டு
வருஷக்கணக்கில் வாய் திறக்காதவர்கள்.

மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.
"இங்க அம்மா பேர் வரணும். யாங்கி."
வந்திருக்கே?
"இது சுவர். மண் சுவர்."
அடுத்த பக்கத்திலும் அம்மா இருந்த இடத்தில் சுவர்.
யாக் மாடுகள் நிற்க வேண்டிய இடத்தில்
அவருக்கே பெயர் தெரியாத ஒரு பிராணி.

தாளை எடுத்து விளக்கில் பிடித்தேன்.
ஜிக்கும் ஒய்க்கும் நடுவே
ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி.
ஸ்கேன் செய்த பிரதியில் அது இல்லை.
சொல்லின் நடுவே புள்ளிக்கு என்ன வேலை,
பழைய ரிப்பனின் தூசு என்று
'தேடு, மாற்று' போட்டு
நாற்பத்தொன்றையும் ஒரே தட்டில்
நான்தான் துடைத்திருந்தேன்.
சுத்தமாகச் செய்ததாகப் பெருமை வேறு.

புள்ளி இருந்தால் ஜி முன்னால் தனியே நிற்கும்,
ஓசை இல்லாமல். அது பாக்கியம்.
புள்ளி போனால் ஒய் அதன் காலடியில் ஒட்டிக்கொள்ளும்.
அது சுவர்.

சாஃப்ட்வேர் தப்பு என்றால் நம்பியிருப்பார்.
சொல்லிவிட்டேன்.
"திரும்பப் போடுங்க."
ஒரே தட்டில் போட முடியாதே.
தாளெல்லாம் புள்ளி: அண்ணன் வைத்தது எது,
ரிப்பன் சிந்தியது எது?
அந்தக் கதையில் நிஜச் சுவர்களும் இருந்தன.
தொழுவத்துச் சுவர்,
இரவில் மூச்சடக்கி ஒட்டிக்கிடந்த சுவர்.

ஆக, வரி வரியாக.
"சுவர்... சுவர்தான், விடுங்க... நில்லுங்க, இது அம்மா."
நான் ஒரு புள்ளி வைப்பேன்.
தமிழில் புள்ளி வைத்தால்
எழுத்தின் உயிர் கழன்றுபோகும்.
இங்கே வைக்க வைக்க
சுவருக்குள்ளிருந்து ஒருத்தி நடந்து வந்தாள்,
மாடுகளை முன்னே விட்டு.

மழை வலுத்தது. யூபிஎஸ் கத்தியது.
கௌஸ் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டீ சொல்லி அனுப்பினார்.

கடைசிப் பக்கத்தில் ஓரிடம்.
சுவர் என்றாலும் பொருள் வருகிறது,
பாக்கியம் என்றாலும் வருகிறது என்றார்.
தாளில் அந்த மடிப்பு நைந்திருந்தது.
கர்சர் துடித்தது, துடித்தது.
"அம்மாவைத்தான் கேக்கணும்.
இருக்கட்டும்."

நூற்றிருபது ரூபாய்.
பேரம் பேசவில்லை.
அவர் கடையிலும் அதுதானே வழக்கம்.