பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பழைய இதழுக்கு வாடகை ஐம்பது காசு.
வந்த அன்றே வேண்டுமென்றால் ஒன்றேகால் ரூபாய்.
கொசப்பேட்டை லெண்டிங் லைப்ரரியில்
ஆறு பேர் காசு போட்டு எடுப்போம்.
காட்பாடி டவுன் பஸ்ஸின் கடைசி நீள சீட்டில்
அட்டைப்பெண்
ஆறு மடியிலும் மாறி மாறி உட்கார்ந்து வருவாள்.
வேலூரில், மே மாதத்தில்,
ஸ்பெஷல் கிளாஸ் விட்ட மதியம் இரண்டு மணிக்கு
அவளுக்கு மட்டும் வியர்க்காது.

எங்கள் ஊருக்கு ஒரு சொலவடை உண்டு.
சாமியில்லாத கோயில்
ராஜா இல்லாத கோட்டை
தண்ணியில்லாத ஆறு
மரமில்லாத மலை
என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து
அழகில்லாத பொம்பளைங்க என்பார்கள்.
கெமிஸ்ட்ரி சார் வகுப்பிலேயே சொன்னார்.
பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள்.
சிரித்தோம், நாங்களும்தான்.
கோயிலுக்குச் சாமி திரும்பிவந்து
பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது அப்போது.
சொலவடையை யாரும் திருத்தவில்லை.

முப்பத்திநாலாம் பக்கத்தில்
உங்கள் முகம் என்ன வடிவம்?
குணவதியின் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால்
பஸ் குலுங்கக் குலுங்க அளந்தோம்.
நெற்றி நாலரை அங்குலம், தாடை நாலரை.
எனக்குச் சதுரம் வந்தது.
சதுர முகத்தார் கூந்தலைக்
கன்னத்தில் தழையவிட வேண்டுமாம்.
பள்ளியிலோ இரட்டைச் சடை,
மடித்துக் கட்டிய கறுப்பு ரிப்பன்.
சதுரத்துக்கு ஒளிய இடமில்லை.

அந்த வாரம்தான் எழுதினேன்.
அன்புள்ள அக்கா,
எனக்கு வயது பதினாறு. கழுத்து மட்டும் கறுப்பு.
போட்டோவில் என் தலையை
வேறு யார் மேலோ வைத்ததுபோல் இருக்கிறது.
தயவுசெய்து பெயர் போடாதீர்கள்.
எங்கள் தெரு போஸ்ட்மேனுக்கு
என் கையெழுத்து தெரியுமென்று
ஜங்ஷன் வரை நடந்துபோய்ப் போட்டேன்.

நாலு மாதம் கழித்து
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்
என்று வந்தது.
என் கடிதம் இல்லை அது.
வயது பதினேழு, முழங்கை கறுப்பு,
கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது அக்கா.
கடலைமாவு, தயிர், எலுமிச்சை மூடி சொல்லிவிட்டு
தன்னம்பிக்கைதான் தங்கையே உண்மையான அழகு
என்று முடித்திருந்தார் அக்கா.
எதிர்ப்பக்கம் முழுக்க
சிவப்பழகு க்ரீம், ஆறே வாரத்தில்.

மெகருன்னிசா சத்தமாகத்தான் வாசித்தாள்.
முடித்தபோது பஸ்
பாலாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது.
எல்லாரும் ஜன்னல் வழியே
மணலைப் பார்த்தோம்.
பன்னிரண்டு முழங்கைகளும்
எப்போது தாவணிக்குள் போயினவோ தெரியாது.

அதற்கப்புறம் இதழ் எடுக்கக்
காசு சேர்வது கஷ்டமாகிவிட்டது.
ஒவ்வொருத்தியும் தனித்தனியே
வாடகைக்கு எடுத்தோமென்று நினைக்கிறேன்.

போன தை மாதம் எஸ்தர் ராணியைப் பார்த்தேன்.
ஆஸ்பத்திரி லேபில் வேலை.
கேன்டீனில் இட்லி பிட்டபடி கேட்டேவிட்டேன்:
அந்த முழங்கை நீதானே?
"நானில்லடி. எழுதினது நெஜம்தான்,
ஆனா மூக்கப் பத்தி."
அவள் மூக்கைப் பார்த்தேன்.
ஏழு வருஷம் பக்கத்து சீட்டில் வந்த மூக்கு.
மூக்கு மாதிரிதான் இருந்தது.

"ஒனக்கு?"
கழுத்து என்றேன்.
"எங்க கீது?"
புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஸ்லைடு பார்க்கிறவள்போல் குனிந்து பார்த்தாள்.
"ஒண்ணும் தெரிலியே" என்றாள்.
எனக்கு ஏனோ கோபம்தான் வந்தது.
எத்தனை எலுமிச்சம்பழம்,
எத்தனை காலர் வைத்த ரவிக்கை.

அப்போ முழங்கை யார்?
குணவதியா, மெகருவா,
இல்லை ஓட்டேரியில் இறங்குவாளே, அந்த சுலோச்சனாவா?
பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு
வெகுநேரம் இருந்தோம்.
டேபிள் துடைக்க வந்த பையன்
கையை எடுங்கக்கா என்று சொல்லவில்லை.
மேஜைமேல்
கைகளே இல்லை.