விடு நேரம்

கிளாஸ்கோவில் ரயில் பாலத்தின் வளைவுக்கடியில்
வாடகைக்கு எடுத்த அறை.
பன்னிரண்டு நிமிடத்துக்கொரு முறை
தலைக்கு மேல் பெய்ஸ்லி வண்டி போகும்.
தேநீர்க் கோப்பைக்குள் வட்டங்கள் வந்து அடங்கும்.

இரவு பதினொன்றிலிருந்து மார்வென்
ஒரே ஒரு குமிழைத்தான் திருகிக்கொண்டிருக்கிறாள்.

பிடிக்கிற குமிழ் எப்போதோ முடிந்தது.
குரல் எகிறும் இடத்தில் அதன் தலைமேல் ஒரு கை,
முப்பது மில்லிநொடி தாமதமாக,
முதல் மெய்யெழுத்தாவது தப்பித்துப் போகட்டும் என்று.
மிச்சமிருப்பது,
அந்தக் கையை எப்போது எடுப்பது.

மீன் வறுவல் சுற்றி வந்த தாளின் பின்புறம்
கணக்குப் போட்டாள்.
நிமிடத்துக்கு எழுபத்தாறு தட்டு,
தட்டுக்கு எழுநூற்று எண்பத்தொன்பது மில்லிநொடி,
அதில் பாதி, பாதியிலும் பாதி.
நூற்றுத் தொண்ணூற்றேழு என்றது எண்ணெய்த் தாள்.
வைத்துப் பார்த்தாள்.
கணக்கு சரி, பாட்டுதான் நொண்டியது.
இரண்டாம் சரணத்தில் ஸ்ட்ரூவன்
கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டு டிரம்ஸ் வாசிப்பான்.
தாளுக்கு அது தெரியாது.

நாற்பதில் விட்டாள்.
இஷ்பெல் ஒரு சொல்லை முடித்ததும்
அறை முழுவதும் எழுந்து நின்றது:
நாற்காலியின் முனகல்,
ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த தாளம்,
அவள் விழுங்கிய எச்சில்,
எல்லாவற்றுக்கும் பின்னால் பெய்ஸ்லி வண்டி.
சொல்லுக்குச் சொல் கிடைத்த சந்தில்
விறுவிறுவென்று உள்ளே வந்து
அவள் வாய் திறந்ததும் வெளியே போனது.
இழுப்புக்காரனின் மார்பைப்போலப்
பாட்டு ஏறி இறங்கியது.

தொள்ளாயிரத்தில் விட்டாள்.
அப்பாடா, ரயிலைக் காணோம்.
ஆனால் இஷ்பெல் கத்திய ஓர் 'இல்லை'க்காக விழுந்த கை
அதையடுத்து அவள் முணுமுணுத்த மூன்று சொற்களின்
தலையிலும் அப்படியே கிடந்தது.
கத்தியது ஒரு சொல்,
முட்டிபோட்டது வகுப்பு முழுவதும்.

மறுபடி பாடவைக்கலாம் என்றால்
இஷ்பெல் வடகடலில், எண்ணெய் மேடையொன்றின் சமையற்கட்டில்
நூற்றிருபது பேருக்கு முட்டை பொரிக்கிறாள்.
திரும்ப மூன்று வாரம்.

எனக்கு இதைச் சொல்ல இலக்கணம்தான் கைகொடுக்கிறது.
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
அப்புறம் அந்தக் குற்றியலுகரம்,
இதழ் முழுக்கக் குவியுமுன்னே விட்டுவிடுகிற உகரம்;
பின்னால் ஓர் உயிர் வருகிறதென்றால்
இடம் கொடுத்துவிட்டு இல்லாமல் போகிற ஒன்று.
மார்வெனுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது.
அவள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கடைசி வண்டியும் போய்விட்டது.
திரையை அணைத்தாள்.
எண் தெரியும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினாள்.
பாட்டைத் தாழ்த்திச் சுழல விட்டுவிட்டு
போய்க் கோப்பையைக் கழுவினாள்.
இரண்டாம் சரணம் வந்தபோது
பஞ்சைப் பிடித்த கை
தானாகக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து தேய்த்தது.

ஈரக் கையோடு ஓடிவந்து குமிழைத் தொட்டாள்.
கொஞ்சம் வலம். இன்னும் கொஞ்சம். அதிகம்.
ஒரு மயிரிழை இடம்.
இப்போது முள்
விழுந்த இடத்திலிருந்து எழுந்து
வீடு வந்து சேர்கிற அதே கணத்தில்
அடுத்த சொல் கதவைத் தட்டுகிறது.
ரயில் இருக்கிறது,
தெருமுனையில் யாரோ நிற்பதுபோல.

ஸ்ட்ரூவன் எழுந்ததும் கேட்டுவிட்டு எழுதினான்:
"இரவெல்லாம் என்ன செய்தாய்?
ஒன்றுமே செய்ததாகத் தெரியவில்லையே."
அவள் அதை ஒரு முறைக்கு இரு முறை படித்தாள்.

ஆறரைக்கு, கடலிலிருந்து இஷ்பெல்:
"மூன்றாவது வரிக்குப் பிறகு நான் எச்சில் விழுங்குவது கேட்கிறது."
"கேட்கிறது."
"லேசாக ஒரு ரயில்கூட."
"ஆமாம்."
சற்று நேரம் ஒன்றும் வரவில்லை.
அங்கே முட்டை கருகியிருக்கலாம்.
"எடுத்துவிடுவாய்தானே?"

டேப்பை இன்னும் உரிக்கவில்லை மார்வென்.
கோட்டின் ஒரு கையை மாட்டியபடி
மறு கையால் எழுதினாள்:

"விட்டுவிட்டேன்."