பாக்கெட்டின் பின்பக்கம்

மில்லர்ஸ் ரோடு, மூன்றாவது மாடி.
லிஃப்ட் ரிப்பேர் என்று கீழே மூன்று மொழிகளில் போர்டு.
மூன்றையும் வாசிக்காமல், பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு
ஏறி வந்திருக்கிறார் வரிசை எண் பதினேழு.

குழந்தை தெரேசா. நாற்பத்து நான்கு வயது.
லிங்கராஜபுரம்.
ஹெப்பாளில் ஜப்பான்காரர் வீட்டில் ஆறு வருஷம்
சமையல், துணி, பாப்பா.
அவர்கள் ஊருக்குப் போயாயிற்று. அடுத்த வீட்டுக்கு அனுப்புமுன்
ஏஜென்சி கேட்கிறது:
ஜப்பானிய மொழி எவ்வளவு வாசிப்பார், சதவீதத்தில்.

படிவம் நான் செய்ததல்ல. நிரப்புகிறவன்.
தாய்மொழி?
"அம்மா தமிழு, அப்பா தெலுங்கு சார்.
ஸ்கூலு கன்னடம், அதுவும் ரெண்டாங்கிளாஸு.
ஜெபம் தமிழ்ல. திட்டறது எல்லாத்துலயும்."
கட்டம் ஒன்றுதான். அரை விரல் அகலம்.

விடைத்தாளின் தலையில் அவர் பெயரை
அந்த எழுத்தில் எழுதினேன்.
ழகரம் கிடையாது அங்கே. ளகரமும் இல்லை.
இருக்கிற ரகரத்தை வைத்து ஒப்பேற்றினேன்: குரந்தை.
எட்டிப் பார்த்துக் கேட்டார்,
"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

முதல் அட்டை சுலபம்.
அங்கே ஐந்து வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிவிடும்,
வளைந்து வளைந்து மூன்றெழுத்து:
தமகோ. முட்டை.
பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.
ஃபேன் சத்தம்.
"மீன்முள்ளு மாதிரி ஒண்ணு இருக்கு சார்."
சுழியம்.
இரண்டாவது, மழை. சுழியம்.
மூன்றாவது, கடை. அதற்கும்.
மூன்று தவறினால் நிறுத்துக என்பது விதி;
தொடர்வது தேர்வரின் மனதை வருத்துமாம்.

நிறுத்தியிருப்பேன். கரண்ட் போயிற்று.
அட்டைகளை அடுக்கும்போது கை தவறி
(தவறித்தானா என்று இப்போதும் தெரியவில்லை)
நான்காம் நிலை அட்டை ஒன்று
ஜன்னல் வெளிச்சத்தில் விழுந்தது.
அதே முட்டை. ஆனால் பட எழுத்தில்,
ஆறாம் வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள்:
இரண்டு அறை, அறைக்கொரு புள்ளி.

"ஐயோ, இது ஆகாது."
எது ஆகாது?
"முட்ட சார். பாப்பாவுக்கு ஆகாது."

ஒரு மத்தியானம் மயோனைஸ் தடவிய ரொட்டி.
உதடு தடித்து, கண் மூடி, மூச்சு விசிலடிக்க
ஆட்டோவில் மடியில் கிடத்தி ஃப்ளைஓவர் ஏறியிருக்கிறார்.
ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்த அம்மா
பாக்கெட்டைத் திருப்பி, ஒற்றை எழுத்தை
லிப்ஸ்டிக்கால் வட்டமிட்டாளாம்.
அன்று ராத்திரி கேஸ் புத்தக அட்டையில்
நாற்பது தரம் அதை வரைந்தாராம் இவர்.
அப்புறம் பால். கோதுமை.
வேர்க்கடலைக்கு மூன்று எழுத்து, அதற்கு ஒரு வாரம்.
மற்றதெல்லாம் பாப்பா சாப்பிடலாம்,
அதனால் தெரியாது.

வளைந்த எழுத்தில் முட்டையை
எந்தப் பாக்கெட்டும் அவருக்குக் காட்டியதில்லை.

கரண்ட் வந்தது. கூட்டினேன்.
கூட்ட ஒன்றும் இல்லை, விதிப்படி சுழியம்தான்.
'குறிப்பு' என்று இரண்டு வரி இடம்.
இவரை நம்பிப் பிள்ளையை விடலாம் என்று எழுதி
அடித்தேன். மொழித்திறனை மட்டும் எழுதவும் என்று
போன மாதம் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினேன்.
பேனா தாளைக் கிழித்தது.

தேர்வருக்கென்று மேசையில் பிஸ்கட்,
ஒசாகாவிலிருந்து வந்த பார்சல்.
எடுத்துக்கோங்க என்றேன்.
எடுத்தார். திருப்பினார்.
பின்பக்கம் எறும்புச்சாரியாய் எழுத்து.
ஆள்காட்டி விரல் ஊர்ந்து ஊர்ந்து போய்
ஓரிடத்தில் நின்றது.
மேசையின் அந்தக் கோடிக்கு,
சின்னக் கை எட்டாத தூரத்துக்கு,
பாக்கெட்டைத் தள்ளி வைத்தார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.