ஏழாம் கிணறு

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டியதும்
மண் கறுக்கிறது.
ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு என்று
போர்வெல் லாரிக்காரர்களின் எண்கள்
பனைகளில் ஆணியடித்துத் தொங்குகின்றன.
கேரளம் என்றால் மழை என்பவர்கள்
இந்தப் பக்கம் வந்ததில்லை.

கணவாய்க்கு அந்தப் புறத்து நகரம்
குளித்ததை, கழுவியதை, கக்கூஸில் விட்டதை
மூன்று கட்டமாய்ச் சுத்தம் செய்து
குழாயில் அனுப்பப்போகிறது.
வறண்ட இரண்டு குளங்களில் தேங்கி
அது மெல்ல இறங்கும்,
கிணறுகள் ஏறும்.
கூடவே வேறு என்ன இறங்கும் என்று
முன்கூட்டிச் சொல்வது என் வேலை.

இன்னும் ஒரு சொட்டும் வரவில்லை.
வருமுன் எப்படி இருந்தது என்பதற்கு
பதினான்கு கிணறுகள்,
பழுப்புப் புட்டி, பனிப்பெட்டி, கையுறை.
மாதிரி எடுக்கும் நாளில் காபி குடிக்கக் கூடாது.
காபியும் தண்ணீரில் தெரியும்.

நகரத்தின் கைரேகை என்று நாங்கள் தேடுவது
கார்பமாசபின்.
வலிப்புக்குத் தருகிற மாத்திரை.
உடம்பு அதை முழுக்கக் கரைப்பதில்லை,
சுத்திகரிப்பு நிலையம் கண்டுகொள்வதில்லை,
மண்ணும் பிடித்துவைப்பதில்லை.
யாரோ ஒருவர் அன்று கீழே விழவில்லை என்பதற்குச் சாட்சியாய்
பாறை வெடிப்புகளில் வருடக்கணக்கில் நடக்கும்.

ஆய்வகத்தாள் வந்தது.
பதின்மூன்றில் இல்லை.
ஏழில், லிட்டருக்கு நாற்பத்தொரு நானோகிராம்.

புட்டி மாறிவிட்டதா என்றேன்.
மறுபடி ஓட்டினார்கள்.
நாற்பத்து மூன்று.

ஐப்பசியில் திரும்பப் போனோம்.
டேப்பின் ஒரு முனையை ஷாஜு கிணற்றுத் திட்டில் பிடித்தான்,
நான் உறிஞ்சுகுழி மூடிவரை நடந்தேன்.
பதினோரு மீட்டர்.
புதுச் சுண்ணாம்பின் வாசம். தையில் கல்யாணம் என்றார்கள்.

"வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"
படிவத்தில் பதினாறாவது கேள்வி.
"எனக்குச் சுகருங்க, அவளுக்குப் பிரசருங்க.
வேறொண்ணும் இல்லீங்க"
என்றார் குழந்தைவேல் கவுண்டர், சற்று வேகமாக.
கதவு நிலையை அவர் மனைவி பார்த்தார்.
நான் பதினேழாவது கேள்விக்குப் போனேன்.

ஜீப்பில் பெட்டியை ஏற்றும்போது
எலுமிச்சம்பழம் கொடுக்க வந்தவள்போல வந்தாள் சிந்துஜா.
"அதுல யாரோடதுன்னு தெரியுமாக்கா?"
பெயர் தெரியாது, அளவுதான் தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் பனிப்பெட்டியையே பார்த்தாள்.
"நானூறு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.
எட்டாவதுல இருந்து.
கணக்குக்கு வேணும்னா எழுதிக்குங்க."
பழங்கள் சுட்டன, வெயிலில் பறித்தவை.

எழுதினால்,
நாளை நகரத்து நீர் வந்து சேர்ந்தபின்
என்ன கண்டெடுத்தாலும்
கம்பெனியின் வக்கீல் என் அட்டவணையை நீட்டுவார்:
இது முன்பே இருந்தது.
அழித்தால்,
அதற்கு என் தொழிலில் ஒரு பெயர் உண்டு.

மூன்று இரவு யோசித்து
எந்தப் பொய்யும் இல்லாத ஒரு வரி எழுதினேன்:
'உறிஞ்சுகுழி பதினோரு மீட்டரில் இருப்பதால்
கிணறு எண் ஏழு கண்காணிப்புக்கு உகந்ததல்ல;
மாற்றாக, நூற்றெண்பது மீட்டர் வடக்கே
புதிய துளை பரிந்துரைக்கப்படுகிறது.'

குழு ஏற்றுக்கொண்டது.
நல்ல முடிவு என்று ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

அப்புறம்தான் உறைத்தது.
மாசிக்குப் பிறகு குளங்கள் நிறையும்.
பதின்மூன்று கிணறுகளும் ஒரு துளையும்
மாதாமாதம் சோதிக்கப்படும்.
ஏழாம் கிணற்றில் என்ன இறங்கியது என்று
இனி எவரும் கேட்கப்போவதில்லை.
அந்த வீட்டில் அதைத்தான் குடிக்கிறார்கள்.

முதல் நாள் எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள்.
இளநீர்போல இருந்தது.
அபாயம் என்ற கட்டத்தில், அந்த வரிசைக்கு நேரே,
குறைவு என்று இருக்கிறது,
என் கையெழுத்தில்.